மகளோடு சேர்ந்து நானும் கராத்தே பழகலாமா, டொக்டர்?

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 39. இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப்பிரசவம். கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. மாதத்தில் ஒருதரம் வந்து போவார். வீட்டில் மாமியாரும் இவரும் பிள்ளைகளும். சனிக்கிழமை காலையில் மூத்த மகளை டவுனுக்குக் கராத்தே வகுப்புக்குக் கூட்டிப் போகிறார். வகுப்பு முடியும்வரை ஒன்றரை மணித்தியாலம் மண்டபத்தின் பின்பக்க வாங்கில் உட்கார்ந்திருப்பார். இரண்டு வருடம் இப்படிப் பார்த்துப் பார்த்து, மகள் முதலில் பழகிய கட்டா, அதாவது வரிசையாகச் செய்யும் அசைவுத் தொகுப்பு, இவருக்கும் மனப்பாடம். போன மாதம் ஒருநாள், யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாங்குக்குப் பின்னால் நின்று இடப்பக்கம் திரும்பி முதல் தடுப்பைப் போட்டுப் பார்த்திருக்கிறார். மாஸ்டர் கண்டுவிட்டார். "டீச்சர், பின்னால நிக்காம முன்னால வாங்களேன்."

அன்றிலிருந்து மனசு அங்கேதான் என்கிறார். ஆனால் பயங்களும் நிறைய. பள்ளிக்கூடத்துக்கு ஏறும்போது மூச்சு வாங்குகிறது. படி இறங்கினால் இடது முழங்கால் வலிக்கிறது. கிளினிக்கில் பார்த்த பிரஷர் 146/92. போன வருடம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.6. "தும்மினாலே சங்கடம்" என்று ஒரு வரி எழுதி, அதை வெட்டி, பிறகு மறுபடியும் எழுதியிருக்கிறார். மாமியாரோ, "இந்த வயசுல குதிச்சா கர்ப்பப்பை எறங்கிப்போகும்" என்கிறாராம். உயரம் 154 சென்ரிமீற்றர், எடை 71 கிலோ; மூன்று மாதத்தில் பத்துக் கிலோ குறையுமா என்று கேட்கிறார். பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும் இருட்டுப் பாதையில் குடித்துவிட்டு நிற்பவர்களைச் சமாளிக்க இது உதவுமா என்றும் கேட்கிறார். கராத்தே சரிவராது என்றால், தோட்டத்தில் ஒரு பெரியவர் திருவிழாக் காலத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சிலம்பத்தில் சேரலாமா என்பது கடைசிக் கேள்வி. அவருடைய அப்பா நன்றாகக் கம்பு சுற்றுவாராம். பெண்பிள்ளை கையில் மட்டும் கம்பைக் கொடுக்கவில்லை.

டீச்சர், பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதனால் உங்கள் மாஸ்டரைப் போலவே நானும் டீச்சர் என்றே கூப்பிடுகிறேன். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: சேருங்கள். 39 வயது இதற்குப் பிந்திய வயது இல்லை. ஆனால் கராத்தே உடுப்புக்குக் காசு சேர்ப்பதற்கு முன் உங்கள் இரத்தத்தைக் கவனிக்க வேண்டும். கடிதத்தில் மாமியாருக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள், ஹீமோகுளோபினுக்கு அரை வரிதான். நான் மாற்றி ஒதுக்கப்போகிறேன்.

மூச்சு வாங்குவது வயதால் அல்ல

"வயசும் போய் உடம்பும் போட்டுட்டுது, அதுதான் மூச்சு வாங்குது" என்று எழுதியிருக்கிறீர்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறைந்தால் இரத்தச்சோகை. 9.6 என்றால் நடுத்தர அளவுச் சோகை. உடம்புக்கு ஒட்சிசனைச் சுமந்து போவது அந்த ஹீமோகுளோபின்தான். 12 இருக்க வேண்டிய இடத்தில் 9.6 இருந்தால் சுமக்கும் ஆட்களில் ஐந்தில் ஒரு பங்கு வேலைக்கு வரவில்லை என்று கணக்கு. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆள் குறைந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வராதவர்களின் வேலைக்கும் சேர்த்து வந்தவர்கள் ஓட வேண்டும். உங்கள் இதயமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. நீங்கள் பிறந்து வளர்ந்தது அந்த உயரத்தில்தான், ஆகவே மலைக்காற்றையும் குறை சொல்ல முடியாது.

எனவே முதல் வேலை, இரத்தத்தை மறுபடி பரிசோதிப்பது. போன வருடக் கணக்கை வைத்து இந்த வருடம் முடிவெடுக்கக் கூடாது. ஹீமோகுளோபினோடு ஃபெரிற்றினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரும்புச்சத்துக் குறைவா, வேறு காரணமா என்று அதில் தெரியும். நம் நாட்டில் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் சாயல் உள்ளவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரும்புச்சத்து உண்மையிலேயே குறைந்தால் ஒழிய மாத்திரையால் பயனில்லை. மாதவிடாயைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. ஏழு நாளைத் தாண்டிப் போகிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா, ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறதா? ஒன்றுக்காவது ஆம் என்றால் அதை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பதில் பிரயோசனம் இல்லை.

இனித் தேத்தண்ணிக் கதை. கிளினிக்கில் தந்த இரும்பு மாத்திரையைக் காலையில் ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் பிளேன்டீயோடு விழுங்கியதாகவும், இரண்டு மாதம் போட்டும் மாற்றமில்லை என்று விட்டுவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மாத்திரையில் குறையில்லை டீச்சர். சாயத்தில் உள்ள தனின் போன்ற பொருட்கள் இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. குடலுக்குள் உறிஞ்சப்படாமல் அப்படியே வெளியே போய்விடும். ஊருக்கெல்லாம் தேயிலை அனுப்பும் மலையில் இதைச் சொன்னால் கோபம் வரும், தெரியும். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒன்றிரண்டு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். வெறும் வயிற்றில் மாத்திரையை ஒரு டம்ளர் தேசிக்காய்த் தண்ணியோடு போடுங்கள். வயிற்றைப் பிரட்டினால் ஒன்றுவிட்ட ஒருநாள் போடலாமா என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். மலம் கறுப்பாகப் போகும். அதற்குப் பயப்பட வேண்டாம். மாத்திரை சரியாகச் சேர்ந்தால் ஒரு மாதத்திலேயே இலக்கம் ஏறத் தொடங்கும். ஆனால் 12ஐத் தொட்டதும் நிறுத்திவிடாதீர்கள். உடம்பின் இருப்பு நிரம்ப இன்னும் ஏறத்தாழ மூன்று மாதம் வேண்டும்.

அதுவரை வகுப்புக்குப் போகாமல் இருக்க வேண்டுமா? வேண்டாம். மெதுவாகச் செய்யுங்கள். பயிற்சியின்போது முழு வசனம் ஒன்றைப் பேசி முடிக்க முடிந்தால் அந்த வேகம் உங்களுக்குச் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருதரம் மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் அது உங்களுக்கு அதிகம், நின்றுவிடுங்கள். நெஞ்சை இறுக்கினால், தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினால், கண் இருட்டினால் உட்கார்ந்துகொண்டு 1990 அம்புலன்ஸுக்கு அழைக்கச் சொல்லுங்கள். "கொஞ்சம் சமாளிச்சுப் பார்ப்போம்" என்று இருந்துவிடக் கூடாது.

பிரஷரும் அந்தக் கத்தலும்

146/92 என்பது ஒரேயொரு நாள் எடுத்தது. கிளினிக்குக்கு ஏறிப் போய், வரிசையில் நின்று, பக்கத்தில் நின்றவரோடு பேசிக்கொண்டே கையை நீட்டியிருப்பீர்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, அதற்கு முன் அரை மணித்தியாலம் தேத்தண்ணி குடிக்காமல், வேறு வேறு நாட்களில் இரண்டு தடவை எடுங்கள். அப்போதும் 140/90க்குக் கீழே வராவிட்டால் அது பிரஷர்தான். மருந்தைப் பற்றிப் பேச வேண்டும். 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் இதையெல்லாம் இலவசமாகவே பார்க்கிறார்கள்.

இந்த அளவில் பயிற்சிக்குத் தடையில்லை. தொடர்ந்து செய்தால் மேல் இலக்கம் ஐந்து முதல் எட்டு வரை குறையவும் கூடும். 180/110ஐத் தாண்டினால் மட்டும் மருந்தால் கட்டுப்படுத்தும் வரை வகுப்பு வேண்டாம். கவனிக்க வேண்டியது மூச்சை அடக்குவது. புதிதாகப் பழகுபவர்கள் பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் குத்துவார்கள். அந்த நேரம் பிரஷர் சட்டென்று ஏறும். அதற்கு மருந்து கராத்தேக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் மனப்பாடம் செய்த ஹெய்யான் ஷோதானில் 21 அசைவுகள். அதில் இரண்டு இடத்தில் கியாய் என்ற கத்தல் வருகிறது, இல்லையா? பிள்ளைகள் முன்னால் அப்படிக் கத்த வெட்கமாக இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். வைத்தியராகச் சொல்கிறேன், கத்துங்கள். கத்தும்போது மூச்சை அடக்கி வைக்கவே முடியாது. மற்ற 19 அசைவுகளிலும் சத்தமில்லாமல் மூச்சை வெளியே விடுங்கள். உடம்பு முழுவதையும் முறுக்கி இறுக்கிச் செய்யும் சான்சின் போன்ற கட்டாக்களை மட்டும் பிரஷர் அடங்கும்வரை தள்ளி வையுங்கள். புதிதாகச் சேர்பவருக்கு எப்படியும் அதைத் தர மாட்டார்கள்.

மாமியார் சொன்னதில் பாதி

மாமியாரை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். தலையில் கூடைக் கயிற்றை மாட்டிக் கொழுந்து சுமந்த தலைமுறை அது. கர்ப்பப்பை இறங்கி, யாரிடமும் சொல்லாமல் துணியை வைத்துக்கொண்டு வேலைக்குப் போன பெண்களை அவர் பார்த்திருப்பார். நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நிலைக்கு அவர்களைக் கொண்டுவந்தது அடுத்தடுத்த பிரசவங்கள், பிரசவித்துச் சில வாரத்திலேயே தூக்கிய சுமை, ஆறாத இருமல், மலச்சிக்கல். வாரத்தில் ஒருநாள் செய்யும் கட்டாவால் நல்ல நிலையில் உள்ள கர்ப்பப்பை இறங்காது.

ஆனால் நீங்கள் வெட்டி வெட்டி எழுதிய அந்த வரி இருக்கிறதே, தும்மும்போது சிறுநீர் கசிவது, அது இடுப்படித் தசை தளர்ந்திருக்கிறது என்பதற்கான அடையாளம். பிள்ளை பெற்றவர்களில் மிகச் சாதாரணம். வெட்கப்பட ஒன்றுமில்லை, விதி என்று விட்டுவிடவும் தேவையில்லை. சிறுநீரையும் காற்றையும் ஒன்றாக அடக்குவதுபோல் அந்தத் தசையை உள்ளே இழுத்து, எட்டுவரை எண்ணிப் பிடித்து, பிறகு தளர விடுங்கள். எட்டு வராவிட்டால் மூன்றில் தொடங்குங்கள். ஒரு தடவைக்கு எட்டுப் பத்து முறை, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது செய்தாலும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. அந்த மூன்று மாதத்துக்குத் துள்ளல், கயிறடித்தல், பாய்ந்து உதைத்தல் வேண்டாம். கீழே எதுவோ இறங்கி வருவதுபோல, பாரம் தொங்குவதுபோல இருந்தால் சுகவனிதையர் கிளினிக்கில் காட்டுங்கள். 35 வயதைத் தாண்டிவிட்டீர்கள். கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கும் எப்படியோ அங்கே ஒருதரம் போக வேண்டியவர்தான்.

முழங்கால்

படி ஏறும்போது இல்லாமல் இறங்கும்போது வலிப்பது பெரும்பாலும் முழங்கால் சில்லுக்குப் பின்னால் வரும் வலி. தொடையின் முன்தசை பலம் குறைந்ததால் வருவது. "எலும்பு தேஞ்சுபோச்சு, அசைக்கக் கூடாது" என்று யாரோ சொன்னதை நம்பி உட்கார்ந்திருந்தால் தசை இன்னும் மெலியும், வலி இன்னும் கூடும். கதிரையிலிருந்து கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து மெதுவாக உட்காருங்கள், நாளுக்குப் பத்துப் பத்தாக இரண்டு தடவை. வலி இருந்தாலும் அது லேசானதாக இருந்து, மறுநாள் காலையில் அடங்கிவிட்டால் தொடரலாம். மூட்டு பூட்டிக்கொண்டால், வீங்கினால், நடக்கும்போது மடிந்து விழுத்தப் பார்த்தால் வைத்தியரிடம் காட்டாமல் வகுப்பில் இறங்காதீர்கள்.

வகுப்பில் முழங்காலைக் கெடுப்பது பெரும்பாலும் இரண்டு விஷயம். ஒன்று, தாழ்ந்து நிற்கும் நிலைகளில் முழங்கால் உள்பக்கம் சாய்வது. கால் பெருவிரல் எந்தத் திசையைப் பார்க்கிறதோ முழங்காலும் அந்தத் திசையைப் பார்க்க வேண்டும். மகள் அளவுக்குத் தாழ்ந்து நிற்கத் தேவையில்லை. மற்றது, சுற்றி உதைப்பது. மண்டபத்தில் சீமெந்துத் தரை என்கிறீர்கள். வெறுங்கால் தரையைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு மட்டும் திரும்பும். திருகல் முழுவதும் ஊன்றிய காலின் முழங்காலில் போய் இறங்கும். குதிகாலைச் சற்றுத் தூக்கி, ஊன்றிய பாதத்தைத் திருப்பிய பிறகுதான் மற்றக் கால் எழும்ப வேண்டும். இடுப்புக்கு மேலே உதைக்கும் ஆசையை இந்த வருடம் விட்டுவிடுங்கள்.

சூடேற்றுவதைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று. நாற்பது தாண்டித்தான் நானும் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். தை மாதத்துக் காலை, புல்லில் பனி வெள்ளையாக இருந்தது. பிந்திப் போன அவசரத்தில் நேரே வரிசையில் நின்று உதைத்தேன். கெண்டைக்காலில் யாரோ கல்லால் அடித்ததுபோல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன், பின்னால் ஒருவரும் இல்லை. தசை கிழிந்து ஆறு வாரம் நொண்டினேன், வார்டில் நோயாளிகள் எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார்கள். கொழும்பில் ஐந்து நிமிடம் போதும் என்றால் நம் குளிரில் பதினைந்து நிமிடம் வையுங்கள்.

மாஸ்டரிடம் பேச வேண்டியவை

சேரும் முன்பே, மகள் இல்லாத நேரத்தில் மாஸ்டரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். முதல் மூன்று மாதம் கட்டாவும் அடிப்படைப் பயிற்சியும் மட்டும், குமித்தே, அதாவது ஆளோடு ஆள் மோதும் பயிற்சி, வேண்டாம். தவளைப் பாய்ச்சலும் வாத்து நடையும் தண்டனையாகக்கூட வேண்டாம். மூச்சு முட்டினால் கேட்காமலே ஒதுங்கி நிற்பேன். நல்ல மாஸ்டர் என்றால் "சரி டீச்சர்" என்பார். "வலி இல்லாம கராத்தே இல்ல" என்று வசனம் பேசினால் வேறு வகுப்பைப் பாருங்கள். ஒரு வருடத்தில் கறுப்புப் பட்டி என்று காசு கேட்பவரிடமும் போகாதீர்கள். ஒழுங்காகப் பழகினால் அதற்குப் பல வருடம் எடுக்கும்.

இனி அந்தப் பத்துக் கிலோ. உங்கள் எடையுள்ள ஒருவர் ஆரம்பநிலை வகுப்பில் ஒரு மணித்தியாலம் உண்மையாக அசைந்தால், சும்மா இருப்பதைவிட ஏறத்தாழ 300 கலோரி கூடுதலாகச் செலவாகும். வாரம் ஒரு வகுப்பு, 12 வாரம்: 3,600 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு கரைய 7,700 கலோரி செலவாக வேண்டும். ஆக மூன்று மாதத்தில் அரைக் கிலோ. இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள்: இரண்டு கரண்டி சீனி போட்டு நாளுக்கு ஆறு தேத்தண்ணி குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சீனி மட்டும் வாரத்துக்கு ஏறத்தாழ 1,500 கலோரி, ஐந்து கராத்தே வகுப்புக்குச் சமம். எடைக்கான வழி கோப்பையில்தான் இருக்கிறது.

அதே நேரம், "நான் உடற்பயிற்சியே செய்வதில்லை" என்று நீங்கள் எழுதியதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட நடுத்தர உடலசைவும் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெருந்தெருவிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு 25 நிமிடம் ஏறுகிறீர்கள். ஐந்து நாளில் 125 நிமிடம் வந்துவிட்டது, மீதி 25 நிமிடம் சனிக்கிழமை வகுப்பில் வந்துவிடும். குறைவது தசைப் பயிற்சிதான். சனிக்கிழமை ஒன்று. புதன்கிழமை இரவு மகளோடு முற்றத்தில் அதே கட்டாவைப் பத்துத் தடவை போடுங்கள், மற்றதும் சரி. பிழை பிடிக்கும் பொறுப்பை மகளிடம் கொடுங்கள், சந்தோசப்படுவாள்.

இருட்டுப் பாதையைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. ஆறு மாதம் கராத்தே படித்துவிட்டுக் குடித்த இரண்டு ஆண்களை அடிக்கலாம் என்று நினைப்பதுதான் இந்தக் கடிதத்திலேயே ஆபத்தான வரி. எட்டி நிற்கப் பழகுவீர்கள், சத்தம் போடப் பழகுவீர்கள், கையைப் பிடித்தால் உதறிவிட்டு ஓடப் பழகுவீர்கள். அவ்வளவுதான் வேண்டும். உயிரையும் உடம்பையும் காத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் தருகிறது. ஆனால் ஆபத்து நீங்கிய பிறகு விழும் அடி தற்காப்பில் சேராது. அந்த இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும் என்றால் பொலிஸுக்கு 119 இருக்கிறது, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938 இருக்கிறது. தெருவிளக்குக் கேட்டுப் பிரதேச சபைக்கு நாலு டீச்சர்மார் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுங்கள். அதுவும் தற்காப்புத்தான்.

சிலம்பத்தைக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தில் எழுத்து சாய்ந்து வேகமாக ஓடுவது அந்தப் பத்தியில்தான். காமன் கூத்துக் காலத்தில் அப்பா லயத்து முன்னால் கம்பு சுற்றியதை எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கம்பு இன்னும் பரணில் கிடக்கிறது என்றும். உடம்பைப் பொறுத்தவரை காலடி வரிசையும் வீச்சும் உங்கள் முழங்காலுக்கும் இடுப்படிக்கும் உதைகளைவிட இலகு. சுமை போவது மணிக்கட்டுக்கும் தோளுக்கும். முதல் மாதம் நாளுக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தனியாகச் சுற்றும் வரிசைகளோடு நிறுத்துங்கள். எதிராளி வைத்துக் கம்போடு கம்பு மோதும்போதுதான் விரலும் கண்ணும் அடிபடும். வகுப்பில் மாஸ்டர் உங்கள் நிபந்தனைகளுக்கு முகம் சுளித்தால் தயங்காமல் பெரியவரிடம் போங்கள். இரண்டையும் செய்வதென்றால் ஹீமோகுளோபின் 11ஐத் தாண்டட்டும்.

கம்பை இறக்கினால் முதலில் சுற்றாதீர்கள். இத்தனை வருடம் அடுப்புப் புகையில் காய்ந்த மூங்கில். ஒரு துணியால் நுனியிலிருந்து நுனிவரை அழுத்தித் துடையுங்கள். துணி எங்காவது மாட்டினால் அங்கே சிலாம்பு எழும்பியிருக்கிறது. வெடிப்பு இருந்தால் அதைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, உங்கள் நெற்றி உயரத்துக்குப் புதுக்கம்பு ஒன்று வெட்டித் தரச் சொல்லுங்கள்.